பழைய வீட்டை இடிப்பதா, பிரிப்பதா?

சைதாப்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டை எடுத்துவிட்டு, அதே மனையில் புதிதாகக் கட்டுவது என்று போன வருடம் முடிவு செய்தோம். புது வீடு சுற்றுச்சூழலைக் கெடுக்காததாக இருக்க வேண்டும் என்று சாம்பல் கல், எம்-சாண்ட், மழைநீர்த் தொட்டி என வாரக்கணக்கில் பேசினோம். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே அந்த மனையிலிருந்து நூறு டன்னுக்குக் குறையாமல் ஏதோ ஒன்று வெளியே போகப் போகிறது, அது எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய வீட்டை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஜேசிபி வைத்து இடிப்பது. இன்னொன்று, ஆள் வைத்து மேலிருந்து கீழாகப் பிரிப்பது. எங்கள் வீடு இரண்டுக்கும் இடம் கொடுத்தது. முன்பக்கம் 1940-களில் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, மேலே தேக்குக் கட்டைகள் மீது செங்கல்லும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்த, மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய காலத் தளம். பின்பக்கம் 1986-இல் அப்பா சேர்த்த சிமெண்ட் சுவரும் கான்கிரீட் தளமும், அதையொட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கொட்டகை. ஒரே மனையில் இரண்டு வழியையும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு பிரிப்பதற்குத்தான். எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது, அதையும் கீழே சொல்கிறேன்.

வேகத்தில் ஜேசிபியை யாரும் நெருங்க முடியாது. மொத்த வீட்டுக்கும் இரண்டு நாள் போதும் என்றார் இடிப்புக் காண்ட்ராக்டர். இடிப்புக்குக் கூலி வேண்டாம், கதவு, ஜன்னல், கட்டை, இரும்பு எல்லாம் தனக்கு, அதற்கு மேல் எங்களுக்கு 40,000 ரூபாய் தருவதாகவும் சொன்னார். ஆள் வைத்துப் பிரிக்க, முன்பக்கத்துக்கு மட்டும் ஐந்து பேருக்கு 26 நாள் ஆனது. சத்தமும் தூசியும் பிரிப்பதில் குறைவு. ஜேசிபி ஒரு சுவரைத் தள்ளும்போது எழும் புழுதிக்குப் பச்சை வலையும் ஹோஸ் தண்ணீரும் பேருக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வீசிங் உண்டு. ஜேசிபி ஓடிய நாட்களில் அவரை மகள் வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது.

முதலில் காண்ட்ராக்டர் சொன்னதற்கே சரி என்றோம். பின்பக்கக் கொட்டகையின் சுற்றுச்சுவரிலிருந்து ஜேசிபி தொடங்கியது. முதல் லோடு கிளம்பியபோது, எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். “பள்ளத்தை ரொப்பறதுக்கு சார்” என்றார் டிரைவர். என்ன தோன்றியதோ, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தெற்கே முக்கால் மணி நேரம் ஓடிய லாரி, ஒரு ஏரியின் கோரைப்புல் கரையில் போய் நின்றது. ஏற்கெனவே அங்கே குவியல் குவியலாகக் கிடந்தது. டைல்ஸ் துண்டு, ஒயர், உடைந்த வாஷ்பேசின், தெர்மோகோல், நடுவில் தண்ணீர். எங்கள் வீட்டுப் பச்சைப் பெயின்ட் அடித்த சுவர்த் துண்டுகள் அதன் மேல் சரிந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “எல்லாரும் இங்கதான் சார் கொட்றாங்க” என்றார் அவர்.

அன்று மாலையே வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது சந்தோஷப்பட்ட ஆள் நான். தென்சென்னையில் மழைத் தண்ணீர் நிற்க மிச்சமிருக்கும் ஒவ்வொரு பள்ளத்தையும் இப்படித்தான் நிரப்பிக்கொண்டிருக்கிறோம். வெள்ளம் வந்ததும் ஏரியைக் காணோம் என்கிறோம்.

இங்கேதான் என் கணக்கு மாறியது. காசோ நாளோ இல்லை, வெளியே போகும் குப்பை கலந்திருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஜேசிபி வாளி ஒருமுறை அள்ளினால் சுண்ணாம்பு, செங்கல், மரத்துண்டு, பிளாஸ்டிக் பைப், கண்ணாடி எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. அப்படிக் கலந்த ரப்பீஷை நல்ல வேலைக்கு யாரும் வாங்குவதில்லை. வீட்டு பேஸ்மென்ட் நிரப்பக்கூட விவரம் தெரிந்த மேஸ்திரி சேர்க்க மாட்டார், உள்ளே மரத்துண்டு இருந்தால் கரையான் வரும், அது மட்கியதும் தரை இறங்கும் என்பார். யாருக்கும் வேண்டாத பொருள் கேட்க நாதியில்லாத இடத்துக்குப் போகிறது. ஏரிக்கரைக்கு.

2016-இல் வந்து, 2026 மார்ச் வரை நடப்பில் இருந்த கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளும் அடிப்படையில் இதையேதான் கேட்டன. ஒரு நாளில் 20 டன் அல்லது ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு வந்தால், கான்கிரீட், மண், செங்கல்லும் கலவையும், இரும்பு-மரம்-பிளாஸ்டிக் என்று வகை பிரித்தாக வேண்டியிருந்தது. ஜேசிபி ஓடும் நாளில் 20 டன் என்பது இரண்டு டிப்பர் லோடுதான், தனி வீடு கூட அதைத் தாண்டிவிடும்.

ஆக, முன்பக்கத்தைக் கையால் பிரிக்க ஆள் தேடினோம். பழைய வீடுகளைப் பிரித்தே பழகிய ஒரு மேஸ்திரி கிடைத்தார். கரண்ட் லைனையும் தண்ணீர் லைனையும் துண்டித்த பிறகுதான் மேலே ஏறினார். அப்போதும் ஏறுவதற்கு முன் உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் முட்டுக் கொடுத்தார். மெட்ராஸ் டெரஸில் கட்டை நடுவில் கல் மாதிரி இருக்கும், சுவருக்குள் போகும் முனையில் உளுத்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடம் அதுதான். முட்டுக் கொடுக்காமல் ஏறுகிற ஆளை வேலைக்கு வைக்காதீர்கள், கூலி எவ்வளவு குறைந்தாலும்.

மேலே இருந்த தட்டோடுகள் முதலில் வந்தன. அதற்கு அடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்துக் கெட்டித்த நாலு அங்குலப் படுகை, கடப்பாரையை நெம்பினால் பலகை பலகையாகப் பெயர்ந்தது. அதற்கும் கீழே, கட்டைக்குக் கட்டை செங்குத்தாக நிறுத்தி வைத்த சின்னஞ்சிறு செங்கற்கள். அவற்றைப் பார்த்ததும் மேஸ்திரி கீழே இறங்கி வந்து, “இதை மட்டும் உடைக்க விடாதீங்க சார், பழைய வீடு ரிப்பேர் பண்றவங்க தேடி வருவாங்க” என்றார். சொன்னது போலவே வந்தார்கள்.

சுவர்ச் செங்கலைச் சுத்தம் செய்தது ஒரே ஒரு அக்கா, பெரும்பாலும் தனியாகவே. வேப்பமர நிழலில் குந்தி உட்கார்ந்து, முனை மழுங்கிய வெட்டுக்கத்தியால் நாலு பக்கமும் ஒரு சுரண்டு. சுண்ணாம்பு மாவு மாதிரி உதிரும். பிறகு பக்கத்திலிருக்கும் செங்கல்லோடு ஒரு தட்டு. கணீரென்றால் வலது பக்க அடுக்கு, மொத்தென்றால் உள்ளே விரிசல், இடது பக்கக் குவியல். ஒரு நாளைக்கு முந்நூறுக்குக் குறையாது. கடைசியில் 8,200 முழுச் செங்கல் தேறியது. சுவரில் இருந்ததில் பாதிக்கும் குறைவுதான். ஆனால் கல் ஒன்றுக்கு 3 கிலோ என்றால் அது மட்டுமே ஏறத்தாழ 25 டன், இரண்டரை லோடு. அத்தனையும் புது வீட்டின் காம்பவுண்ட் சுவருக்கும் உள்சுவர்களுக்கும் போயிற்று. அவ்வளவு செங்கல்லைப் புதிதாகச் சுட வேண்டிய மண்ணும் விறகும் மிச்சம். கோவைப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காகச் செம்மண்ணை எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினார்கள், 2021-இல் அந்தச் சூளைகளை ஏன் மூட வேண்டி வந்தது என்று படித்தவர்களுக்கு அந்த மிச்சத்தின் அருமை தெரியும்.

முழுசாக வராத செங்கல் துண்டும் சுண்ணாம்பும் என்ன ஆயிற்று? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாலை வருடா வருடம் ஏறிக்கொண்டே போவதால், சென்னையில் இப்போது புது வீட்டுத் தரையை மூன்றடியாவது தூக்கியாக வேண்டும். எண்ணூறு சதுர அடிக்கு மூன்றடி என்றால் 2,400 கன அடி நிரப்ப வேண்டும். வழக்கமாக அதற்கு எங்கிருந்தோ மண்ணோ கிராவலோ தோண்டி லாரியில் வரும். எங்கள் குவியலில் மரத்துண்டு, ஒயர், பிளாஸ்டிக் எதுவும் இல்லாததால் மேஸ்திரி தயங்காமல் அதையே கொட்டி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு, திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினார். ஏரியில் விழுந்திருக்க வேண்டிய சுவர் எங்கள் காலுக்கடியிலேயே தங்கிவிட்டது. நூறு டன்னுக்கு மேல் இருந்த முன்பக்கத்திலிருந்து, மரமும் இரும்பும் நீங்கலாக, லாரி ஏறியது ஒன்றரை லோடு. கலந்திருந்தால் பத்து லோடு போயிருக்கும்.

இதற்கு இடம் வேண்டும். எங்களுடையது ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனை, பின்னால் காலியிடம் இருந்தது, அஸ்திவாரம் முடியும் வரை குவித்து வைக்க முடிந்தது. அரை கிரவுண்டில், சுற்றிலும் வீடுகளோடு இருப்பவர்களுக்கு இது நடக்குமா என்பது சந்தேகம்தான்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலி ஏறக்குறைய 1,15,000 ரூபாய். தேக்குக் கட்டைகளில் நல்லவற்றை விற்றதில் 70,000 வந்தது. செங்கல்லைப் புதிதாக வாங்கியிருந்தால் 80,000-க்கு மேல் ஆகியிருக்கும். நிரப்பும் மண்ணுக்கான செலவும் இல்லை. மறுபக்கம், காண்ட்ராக்டர் தருவதாகச் சொன்ன 40,000 போயிற்று, வாடகை வீட்டில் கூடுதலாக ஒரு மாதம் இருந்தோம். கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய சமம். தேக்குக் கட்டை இல்லாத வீட்டில் கையை விட்டுப் பணம் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பின்பக்கம். முன்பக்கம் தந்த தைரியத்தில் அதையும் கையாலேயே பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அக்கா சிமெண்ட் சுவரிலிருந்து பத்துச் செங்கல் எடுத்துப் பார்த்தார். முழுசாக வந்தவை இரண்டு. “இது விடாது தம்பி, சிமெண்டு செங்கல்லையும் பிச்சுக்கிட்டுத்தான் வரும்” என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னது சரி. சுண்ணாம்பு செங்கல்லைவிட மென்மையானது, அதனால் அது உதிர்கிறது. சிமெண்டோ செங்கல்லைவிடக் கெட்டி, அதனால் செங்கல் உடைகிறது. கான்கிரீட் தளத்தைச் சம்மட்டியால் உடைக்கச் சொல்வதும் மனசாட்சிக்கு விரோதமான வேலை. ஒரு ஆள் நாள் முழுக்க அடித்தால் சின்ன அறையின் தளம் கூட முடியாது, கை மரத்துப்போகும். அங்கே பிரேக்கர் மாட்டிய மெஷின்தான் சரி.

ஆனால் மெஷின் வருவதற்கு முன் அந்தப் பகுதியை வெறும் எலும்புக்கூடாக்கினோம். கதவு, ஜன்னல், ஒயர், பைப், குளியலறைச் சாமான் எல்லாம் கையால் கழற்றியது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் தனியாக, தண்ணீரில் நன்றாக நனைத்து, போல்ட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி, உடையாமல் இறக்கி, கனத்த பாலித்தீனில் சுற்றினோம். எல்லோருக்கும் நல்ல மாஸ்க். ஜேசிபி வாளி பட்டு அது நொறுங்கினால் பறக்கும் நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது கையால் செய்யுங்கள்.

இவற்றுக்கு நாலு நாள் போயிற்று. அதன்பிறகு மெஷின் ஒன்றரை நாளில் முடித்தது. கம்பி காயலான் கடைக்கு, கான்கிரீட் கட்டிகள் பெருங்குடியில் இருக்கும் மாநகராட்சியின் கட்டுமானக் கழிவு ஆலைக்கு. வடசென்னைக்காரர்களுக்குக் கொடுங்கையூரில் இன்னொன்று இருக்கிறது. அங்கே நொறுக்கிச் சலித்து ஜல்லியும் மணலுமாக்குகிறார்கள். அப்படி வரும் ஜல்லியை, கான்கிரீட்டில் போடும் ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 383, 2016 முதல் ஏற்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 என்னும் வலுத் தரம் வரை 20 சதவீதம், கம்பி இல்லாததில் 25 சதவீதம், எம்15-க்கும் கீழான அடிக் கான்கிரீட்டில் முழுவதுமே போடலாம். நான் அதை வாங்கிப் போடவில்லை, அதனால் தரத்தைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது.

சுண்ணாம்புச் சுவர், மரக்கட்டை, ஓட்டுக்கூரை என்றிருக்கும் வீட்டை ஆள் வைத்துப் பிரியுங்கள், யோசிக்கவே வேண்டாம். சிமெண்ட், கான்கிரீட் வீடு என்றால் உள்ளே இருப்பதைக் கையால் கழற்றிவிட்டு மிச்சத்தை மெஷினிடம் கொடுங்கள். மூன்று நாலு மாடி அடுக்குமாடிகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது என் அனுபவத்தில் இல்லை.

எந்த வழியில் போனாலும் இடிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: வகை பிரித்துத்தான் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு லோடும் எங்கே கொட்டப்பட்டது என்பதற்கு ரசீது வேண்டும். எங்கள் காண்ட்ராக்டர் முகத்தைச் சுளித்தார், பிறகு எழுதிக் கொடுத்தார். அப்புறம், முதல் லோடு கிளம்பும்போது நீங்களும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பாருங்கள்.