ஒரு மாத வாசிப்பு: தொடரா, தனி நாவலா?

இளையோர் நாவல்களுக்கென்றே ஒரு மாதம் ஒதுக்கியாயிற்று. சரி, எதை எடுப்பது?

தொடர் என்றால் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008 முதல் 2010 வரை மூன்று பாகங்களாக வந்தது. நாயகி காட்னிஸ் தன் கதையை நிகழ்காலத்திலேயே சொல்வதால் அடுத்த நொடி என்ன நடக்கும் என்று அவளுக்கே தெரியாது, நமக்கும்தான். இரண்டாம் பாகம் சட்டென்று அறுந்து நிற்கும், மூன்றாவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பாகமே பிடிக்காவிட்டால் திட்டம் மொத்தமும் போச்சு.

தனி நாவலில் அந்த வம்பு இல்லை. எஸ். இ. ஹின்டன் பதின்வயதில் எழுதி 1967இல் வெளியான ‘தி அவுட்சைடர்ஸ்’ சின்னப் புத்தகம்தான். முடித்ததும் பேய்க்கதை, காதல் கதை என்று தாவலாம். மனதுக்குப் பிடித்த பாத்திரத்தைச் சீக்கிரமே பிரிய வேண்டும், அவ்வளவுதான்.

புதிதாக வாசிக்க வருபவருக்கு என் ஓட்டு தனி நாவலுக்கே.