மூன்றாவது இடத்துக்கு மோதியவர்கள்: விண்டோஸ் போன், பிளாக்பெர்ரி 10, ஹார்மனி ஓஎஸ்

லூமியா 520 வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். 2013இல் சுமார் பத்தாயிரம் ரூபாய்க்கு வந்த நோக்கியா போன், ஓடியது மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் இயங்குதளத்தில் (ஓஎஸ்). ராம் வெறும் 512 எம்பி. அதே விலை ஆண்ட்ராய்டு போன்கள் ஒரு போன் நம்பரைத் தேடவே திணறிய காலத்தில், இது வழுக்கிக்கொண்டு ஓடும். முகப்பில் கட்டம் கட்டமாக லைவ் டைல்கள். எத்தனை மெயில், மழை வருமா, யார் கூப்பிட்டார்கள் என்று எதையும் திறக்காமலே தெரிந்துகொள்ளலாம். நான் பயன்படுத்தியதிலேயே அழகான போன் திரை எது என்று கேட்டால், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் இரண்டு வருடத்தில் மாற்றிவிட்டேன். போனில் எந்தக் குறையும் இல்லை. என் வங்கியின் ஆப் அதற்கு வரவே இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை பணம் அனுப்பவும் வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டியிருந்தது.

வங்கியையும் குறை சொல்ல முடியாது. ஐபோனுக்கு ஒரு ஆப், ஆண்ட்ராய்டுக்கு ஒரு ஆப் எழுதியாகிவிட்டது. மூன்றாவதற்குத் தனி ஆள், தனி டெஸ்டிங், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தனி வேலை. நூறு வாடிக்கையாளர்களில் மூன்று பேருக்காக யார் இதைச் செய்வார்கள்? ஆப் இல்லாததால் ஆள் வருவதில்லை, ஆள் இல்லாததால் ஆப் வருவதில்லை. இந்த முடிச்சை மூன்று நிறுவனங்கள் மூன்று விதமாக அவிழ்க்கப் பார்த்தன.

மைக்ரோசாஃப்ட் பணத்தை இறக்கியது. 2011 பிப்ரவரியில் நோக்கியாவோடு கூட்டணி, காலாண்டுக்கு 25 கோடி டாலர் ஆதரவுத் தொகை. அப்படியும் இன்ஸ்டாகிராம் 2013 நவம்பரில்தான், அதுவும் பீட்டாவாக வந்தது. ஐபோனில் அது வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. யூடியூபுக்கு மைக்ரோசாஃப்ட் தானே ஒரு ஆப் செய்து வெளியிட, எடுத்துவிடச் சொன்னது கூகுள். போட்டியாளரை வளர்த்துவிட கூகுளுக்கு என்ன அவசியம்?

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அடி. உள்ளுக்குள் செய்த தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. லூமியா 900 அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 2012 ஏப்ரலில். ஜூனில் விண்டோஸ் போன் 8 அறிவிப்பு. பழைய போன்களுக்கு அது கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். நம்பி வாங்கியவரின் புதுப் போன் மூன்றே மாதத்தில் பழசு. ஆண்ட்ராய்டை இலவசமாக எடுத்துக்கொள்ள முடிந்த காலத்தில், போன் தயாரிப்பாளர்களிடம் லைசென்ஸ் கட்டணம் வேறு கேட்டார்கள். அதை நிறுத்தியது 2014இல், எல்லாம் முடிந்த பிறகு. அதே ஆண்டு நோக்கியாவின் போன் பிரிவை வாங்கி, 2015 ஜூலையில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். வரி வழக்கில் சிக்கியதால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவே இல்லை. 2014 நவம்பர் 1 அன்று அங்கே உற்பத்தி நின்றது. 2006 முதல் அந்த ஆலையை நம்பி எத்தனை வீடுகள் இருந்தன!

பிளாக்பெர்ரி அடுத்தவர் ஆப்களைக் கடன் வாங்கிப் பார்த்தது. கியூஎன்எக்ஸ் என்ற உறுதியான இயங்குதளத்தின் மேல் பிளாக்பெர்ரி 10ஐக் கட்டி, 2013 ஜனவரி 30 அன்று அறிமுகம் செய்தார்கள். ஆண்ட்ராய்டு ஆப்களும் அதில் ஓடும் என்றார்கள். யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூகுள் பிளே சர்வீசஸை (மேப், லாகின், நோட்டிஃபிகேஷன் போன்றவற்றை ஆப்களுக்குத் தரும் கூகுளின் பின்னணிச் சேவை) நம்பி எழுதப்பட்ட ஆப்கள் பல அதில் சரியாக ஓடவில்லை. அப்புறம், ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடும் என்றால் பிளாக்பெர்ரிக்கென்று தனியாக எழுத யார் வருவார்கள்? போதாக்குறைக்கு, பொத்தான் கீபோர்டுக்காகவே பிளாக்பெர்ரி வாங்கியவர்களிடம் முதலில் நீட்டியது தொடுதிரை இசட்10. இந்தியாவில் விலை 43,490 ரூபாய். கீபோர்டு உள்ள கியூ10 சில மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த ஆண்டே, பெரும்பாலும் விற்காத இசட்10களுக்காக, 90 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுத வேண்டி வந்தது. 2015இல் பிரிவ் போன் முழுக்க ஆண்ட்ராய்டிலேயே வந்தது. கியூஎன்எக்ஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களில் ஓடுகிறது.

சீன நிறுவனமான ஹுவாவேயின் கதை வேறு. 2019 மே மாதம் அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்ததால், புதிய போன்களில் கூகுள் சேவைகளைப் போட முடியாமல் போனது. ஆகஸ்டில் ஹார்மனி ஓஎஸ் அறிவிப்பு, 2021இல் போன்களில். தொடக்கத்தில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓடவிட்டு ஆட்களைச் சேர்த்தார்கள். 2024 அக்டோபரில் வந்த ஹார்மனி ஓஎஸ் நெக்ஸ்ட்டில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவ முடியாது. பிளாக்பெர்ரி கதவைத் திறந்து வைத்துத் தோற்றது. இவர்கள் ஆள் சேர்ந்த பிறகு மூடினார்கள். சீனர்களின் வாட்ஸ்அப் போன்ற வீசாட் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. கோடிக்கணக்கான ஹுவாவே வாடிக்கையாளர்களை எந்தச் சீன நிறுவனம் விட்டுக்கொடுக்கும்?

தரத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு விண்டோஸ் போனுக்குத்தான். பிழைக்கும் வாய்ப்பைப் பார்த்தால் ஹார்மனி ஒன்றுக்குத்தான். சீனாவில் கூகுள் பிளே கிடையாது. அங்கே ஜிமெயிலும் யூடியூபும் இல்லையே என்று யாரும் போனைத் திருப்பிக் கொடுப்பதில்லை. விண்டோஸ் போனுக்கும் பிளாக்பெர்ரிக்கும் அப்படி ஒரு சொந்த ஊர் கடைசிவரை அமையவில்லை. ஆனால் அந்த ஊர் எல்லையைத் தாண்டினால் ஹுவாவேக்கும் அதே வங்கி ஆப் பிரச்சினைதான். நெக்ஸ்ட் வந்த அதே 2024இல், சீனாவுக்கு வெளியே அவர்கள் விற்ற போன்களில் இருந்தது ஆண்ட்ராய்டை அடித்தளமாகக் கொண்ட இஎம்யுஐ.