தெருவளவு பெரிதாக்கினால்தான் சின்னக் கடை தெரியும்: கூகுள் மேப்ஸில் சாப்பாடு தேடிய அனுபவம்

மாதத்தில் பத்து நாள் எனக்கு வெளியூர் வேலை. லிஃப்ட் பராமரிப்பு. எந்த ஏரியாவில் லிஃப்ட் நின்றுபோயிருக்கிறதோ அங்கேதான் மதியச் சாப்பாடு. கிரீஸ் படிந்த சட்டையோடு கூச்சப்படாமல் நுழைந்து, அரை மணி நேரத்தில் வயிறு நிறைந்து வெளியே வர ஒரு சாதாரணக் கடை போதும். அதைக் கண்டுபிடிக்கப் பல வருடமாக கூகுள் மேப்ஸைத்தான் நம்பியிருக்கிறேன். 2005-ல் வழி காட்ட வந்த வரைபடம் அது. எனக்கு வழியைவிடக் கடை காட்டத்தான் அதிகம் உதவியிருக்கிறது.

ஊர்ப் பெயரைப் போட்டு 'சிறந்த உணவகம்' என்று நான் தேடுவதே இல்லை. பேர்பெற்ற இடங்கள்தான் வரிசையாக வரும், அதில் பாதி ஊரின் மறுகோடியில் இருக்கும். அதற்குப் பதிலாக, நிற்கிற இடத்தில் தெருப் பெயர்கள் படிக்கத் தெரிகிற அளவுக்கு மேப்பைப் பெரிதாக்கிவிட்டு, 'இந்தப் பகுதியில் தேடு' என்பதைத் தட்டுவேன். மேப் சிறிதாக இருக்கும்போது எல்லாக் கடையும் தெரியாது. பெரிதாக்கப் பெரிதாக்கத்தான் மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒடுங்கியிருக்கிற சாப்பாட்டுக் கடை தலைகாட்டும்.

நட்சத்திரத்தை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்து கொடுத்த 4.9-ஐவிட ஆயிரம் பேர் கொடுத்த 4.2 எனக்குப் பெரிது. விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி மாற்றிக்கொள்வேன். சமையல்காரர் மாறினால் கடையே மாறிவிடும், மூன்று வருடத்துக்கு முந்தைய பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் என்று காட்டும் பட்டைகள். இருப்பிடத் தகவலைப் பகிரச் சம்மதித்தவர்களின் போன்களிலிருந்து, யார் என்று தெரியாதபடி திரட்டிய கணக்கு அது. வார நாளில் ஒரு மணிக்குப் பட்டை ஓங்கி நின்று மூன்று மணிக்குப் படுத்துவிட்டால், அது பக்கத்து அலுவலகக்காரர்கள் தினமும் சாப்பிடுகிற இடம். தினமும் வருகிறவர்களிடம் மோசமான சாப்பாட்டைப் போட்டு ஒரு கடை ஓட்ட முடியாது. சனி, ஞாயிறு மட்டும் பட்டை உயர்ந்தால் அது குடும்பத்தோடு போகிற இடம், என் அரை மணி நேரத்துக்குச் சரிப்படாது. ஆனால் போதுமான வருகைக் கணக்கு சேராத கடைக்குப் பட்டையே வராது. பட்டை இல்லை என்பதற்காக ஒரு கடையை ஒதுக்கிவிடாதீர்கள்.

அப்புறம் படங்கள். தட்டை மேலிருந்து அழகாக எடுத்த படங்களைத் தள்ளிவிட்டு, யாரோ அவசரத்தில் எடுத்த விலைப்பலகைப் படத்தைத் தேடுவேன். போன வாரம் பார்த்த ஒன்றில், கரும்பலகையில் நான்கே வரி. மூன்றாவது வரியை ஈரக்கையால் துடைத்த தடம் அப்படியே இருந்தது. தீர்ந்துபோனதை அழித்துவிடுகிற கடை என்று புரிந்தது. நேராகப் போய் உட்கார்ந்தேன், சாப்பாடு சூடாக வந்தது.

திறந்திருக்கும் நேரத்தை மட்டும் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. விடுமுறை நாளில் கட்டாயம் கேளுங்கள். புது ஊருக்குக் கிளம்புமுன் அந்தப் பகுதியின் மேப்பை இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் கடை தேடலாம். நடைவழி மட்டும் அதில் வராது.

மேப்பில் பெயரே ஏறாத கடைகளும் உண்டு. அப்படி ஒன்றில் நன்றாகச் சாப்பிட்டால், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நானே அதைச் சேர்த்து, விலைப்பலகையை ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குத் திரும்புகிறேன்.