மச்சானின் போர்ட்டிகோவா, உபி பட்டறையா, ஜொகூரா?

காரின் சைலன்சரை மாற்ற நினைக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு மூன்று வழிகள்: வீட்டிலேயே மாட்டுவது, கார்ப் பட்டறைகள் உள்ள உபி அல்லது சின் மிங் வட்டாரத்தில் விடுவது, கடல்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போவது. மூன்றிலும் கை சுட்டவன் நான்.

வீட்டில் மாட்ட முதலில் அதற்கேற்ற வீடு வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கார் நிறுத்துமிடத்தில் வண்டி பழுதுபார்க்க அனுமதி இல்லை. ஆகவே தரைவீட்டில் உறவினர் இருப்பது முதல் தகுதி. எனக்குச் சிராங்கூன் கார்டன்ஸில் மச்சான் இருக்கிறார். முதல் நாள் இரவே நட்டுகளில் துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிட்டும், காலையில் ஒரு போல்ட் தலை முறிந்து கையோடு வந்தது. சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் சோப்புத் தண்ணீர் தடவியதும் வழுக்கிக் கழன்றன. புதுக் குழாயை எல்லா இணைப்பிலும் தளர்வாக மாட்டி, பம்பருக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்து, முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே வர வேண்டும். மச்சான் பின்னாலிருந்து தொடங்கிவிட்டார். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியைத் தொட்டதும் குழாய் வெப்பத் தகட்டில் உரசி, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். "அத்தான், இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?" என்றார். எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி தொடங்கினோம். மாமியார் இரண்டு முறை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். பகல் சாப்பாடு மூன்று மணிக்கு.

கூலி மிச்சம், உண்மைதான். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். முதல் ஓட்டத்தில் புகை வந்தால் பதற வேண்டாம், குழாயில் ஒட்டியிருந்த எண்ணெய் கருகுகிறது, அவ்வளவுதான்.

ஜொகூரில் ஆசை காட்டுவது விலை. குழாயை உங்கள் கண் முன்னே வளைத்து வெல்டிங் செய்து தருவார்கள். சிங்கப்பூர்க் காரில் எல்லை தாண்டும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி பழகிய தொல்லை. பழகாத தொல்லை வேறு. 304 ரகத் துருப்பிடிக்கா எஃகு என்று சொல்லி எனக்கு மாட்டிய குழாயில், வீடு திரும்பிக் குளிர்பதனப் பெட்டியின் காந்தத்தை வைத்தேன். கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. 304இல் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. மலிவான 409இல் ஒட்டும். காந்தத்தை முன்பே எடுத்துப் போயிருக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் காகிதம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளை மீறி மாற்றிய புகைக்குழாய் இங்கே குற்றம். சத்தமும் புகையும் வரம்புக்குள் இருப்பதைக் காட்டும் சான்றிதழை ஜொகூரில் கைவேலையாகச் செய்த குழாய்க்கு யாரிடம் கேட்பது? 3 முதல் 10 வயது வரையிலான கார் 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டது ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே மச்சானின் சாமர்த்தியமும் செல்லாது.

உபியில் கூலி கூடுதல்தான். ஆனால் கார் லிஃப்டில் ஏறுகிறது, காப்பி குடித்து வருவதற்குள் பாதி வேலை முடிகிறது, சான்றிதழ் உள்ள பொருளா என்று கேட்டு வாங்கலாம். போல்ட் கழற்றி மாட்டும் பின் சைலன்சர் மட்டும் என்றால், சான்றிதழோடு வாங்கி வீட்டில் மாட்டுங்கள். வெட்டுவதும் வெல்டிங்கும் ஆக்சிஜன் சென்சாரும் இருந்தால் நான் யோசிக்காமல் உபிக்குப் போவேன். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றும் யோசனை இருந்தால் மூன்று இடத்துக்குமே போக வேண்டாம்.

பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனையில் மறுத்தால் அதுதான் திரும்ப ஏற வேண்டும். என்னுடையது மச்சான் வீட்டு மாடிப்படிக்கு அடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடக்கிறது. எப்போது எடுத்துப் போவீர்கள் என்று மாமியார் தீபாவளிக்கும் கேட்டார், பொங்கலுக்கும் கேட்டார்.