வீட்டைச் சுற்றி பேவர் பிளாக்: போன் ரேட்டா, மொத்த ரேட்டா, ஐட்டம் ரேட்டா?

காம்பவுண்டுக்குள் எட்டுச் சதுரம், அதாவது 800 சதுர அடி, காலி இடம் இருக்கிறது. பேவர் பிளாக் போட மூன்று பேரிடம் ரேட் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் சதுர அடிக்கு 75 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 95, மூன்றாமவர் 130. எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, ஆனால் இப்படி ஒரு இடைவெளி வருவது சகஜம். முதலாமவர் நியாயமானவர், மூன்றாமவர் கொள்ளையடிக்கிறார் என்று உடனே தோன்றும். அவர்கள் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்லவில்லை என்பதுதான் விஷயம். 75 சொன்னவர் இருக்கிற மண்ணை நிரவி, கொஞ்சம் டஸ்ட் (குவாரியில் கல் உடைக்கும்போது வருகிற தூள்) கொட்டி, மேலே கல்லை அடுக்கப் போகிறார். 130 சொன்னவர் தோண்டி, ஜல்லி போட்டு, மிஷின் வைத்து இறுக்கி, அதன் மேல் அடுக்கப் போகிறார். முடிந்த அன்று இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். ஐப்பசி அடைமழை முடிந்து பார்த்தால் ஒன்றில் கார் டயர் போகிற இடம் மட்டும் பள்ளமாக இறங்கியிருக்கும்.

எனவே எந்தக் காண்ட்ராக்டர் மலிவு என்பதைவிட எந்த வகையில் விலை கேட்பது என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது. சென்னையில் நடைமுறையில் இருப்பது மூன்று வகை.

போனில் சதுர அடி ரேட்

"அண்ணா, பேவர் பிளாக் என்ன ரேட்?" என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ அனுப்பி, ரேட் வாங்குவது. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பட்ஜெட் ஒரு லட்சத்துக்குள் வருமா, இரண்டு லட்சமா என்று குத்துமதிப்பாகத் தெரிந்துகொள்ள இது போதும். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது. போட்டோவில் மண் தெரியாது, மட்டம் தெரியாது, தெருவுக்குள் லாரி வருமா என்பதும் தெரியாது. இதெல்லாம் பிறகு "எக்ஸ்ட்ரா" என்ற தலைப்பில் ஒவ்வொன்றாக வரும்.

நேரில் பார்த்து மொத்தத் தொகை

இதில் ஆள் வருகிறார், டேப் பிடிக்கிறார், வாசலில் நின்று ஒரு தொகை சொல்கிறார். "எல்லாம் சேர்த்துதான் சார், நீங்க கவலைப்படாதீங்க" என்பார். போன் ரேட்டைவிட இது நூறு மடங்கு மேல், ஏனென்றால் அவர் இடத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அனுபவமுள்ள மேஸ்திரி கேட்டைத் தாண்டும்போதே சம்ப் எங்கே, சேம்பர் எத்தனை, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிடுவார். ஏற்கெனவே நமக்கு வேலை செய்து கொடுத்த, நன்றாகத் தெரிந்த ஆள் என்றால் இந்த வழி எனக்கும் சம்மதம்தான்.

புதிய ஆளிடம் இந்த "எல்லாம்" தான் வம்பு. உடைத்த பழைய சிமெண்ட் தரையை யார் அப்புறப்படுத்துவது? தோண்டிய மண் எங்கே போகும்? அவர் மனதில் அது நம்முடைய தலைவலி, நம் மனதில் அது அவருடையது. ரப்பிஷைத் தெருவோரம் கொட்டிவிட்டுப் போனால் மாநகராட்சி அபராதம் வீட்டுக்காரருக்குத்தான் வந்து சேரும். மொத்தத் தொகை சொல்கிற மூன்று பேரை ஒப்பிடவும் முடியாது. மூன்று மூடிய பெட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்து எதில் என்ன இருக்கிறது என்று சொல்வது போலத்தான் அது.

நாம் எழுதிக் கொடுத்து, அவர் ரேட் போடுவது

ஐட்டம் ரேட் என்பது இதுதான். என் ஓட்டு இதற்குத்தான். அளவும் வேலையின் விவரமும் நம்முடையது. எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ரேட்டை மட்டும் எழுதச் சொல்கிறோம். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செலவாகும். சில காண்ட்ராக்டர்கள் இந்தத் தாளைப் பார்த்ததும் "சின்ன வேலைக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்று நழுவிவிடுவார்கள் என்பதும் உண்மை. போகட்டும், அவர் எதை எழுத விரும்பவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இந்தத் தாளுக்கு மூன்று விவரம் வேண்டும்: பரப்பளவு, மண், மட்டம்.

பரப்பளவு எளிது. இடத்தைச் செவ்வகங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்து கூட்டுங்கள். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி, அதில் வீட்டைக் கழித்தால் மிச்சம் என்று மனக்கணக்குப் போட வேண்டாம். கிணறு, படிக்கட்டு, செடி வைத்த பாத்தி எல்லாம் அந்த மிச்சத்தில் ஒளிந்திருக்கும்.

மண்ணைத் தெரிந்துகொள்ளக் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து, கார் நிற்கப்போகிற இடத்தில் ஓரமாக ஒன்றரை அடி ஆழம் தோண்டுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் என்றால் மணல் வரும். தண்ணீர் உடனே இறங்கும், பிரச்சினை குறைவு. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண் வர வாய்ப்பு அதிகம். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கிற மண் அது. அங்கே அடித்தளத்தில் மிச்சம் பிடித்தால் பின்னால் கண்டிப்பாக அனுபவிக்க வேண்டியிருக்கும். செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் வந்தால் யாரோ எப்போதோ குப்பை போட்டு மேடாக்கிய இடம். இன்னொன்றையும் பாருங்கள்: வீட்டுச் சுவரை ஒட்டிய இரண்டு மூன்று அடி. அஸ்திவாரம் போட்டபோது தோண்டி, அப்புறம் சும்மா தள்ளி மூடின மண் அது. பேவர் பிளாக் முதலில் இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். அந்தப் பட்டையை மட்டும் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும் என்று தாளில் தனி வரியாக எழுதுங்கள்.

மட்டம்தான் சென்னையில் தனிக் கதை. தெருவில் தார் மேல் தார் போட்டுப் போட்டு, பழைய வீடுகள் பல சாலையைவிடத் தாழ்ந்துபோய்விட்டன. பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலரே எழுதினார். உங்கள் தெருவில் அது நடந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ட்யூப் லெவல் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் ட்யூப், அவ்வளவுதான். ஒரு முனையை கேட்டில் ஒருவர் பிடிக்க, மறுமுனையைப் பின்பக்கம் இன்னொருவர் பிடிக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் ஆடாமல் நின்றதும் இரு பக்கமும் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரை வரை அளந்தால் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று இஞ்ச் கணக்கில் தெரிந்துவிடும். வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை முதல் இரண்டு இஞ்ச் வேண்டும். தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி, கேட்டுக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ போக வேண்டும். அந்தக் குழி 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம். அதன் மூடி மேலேயே கல்லைப் பரப்பிவிட்டுப் போகிற புண்ணியவான்களும் உண்டு.

இந்த மூன்றும் கையில் இருந்தால் 800 சதுர அடிக்குக் கணக்கு தானாக வரும். கார் ஏறுகிற வீட்டுக்கு 60 மி.மீ. கல், அதற்குக் கீழே ஒன்றரை இஞ்ச் மணல் படுகை, அதற்குக் கீழே ஜல்லியும் டஸ்ட்டும் கலந்து இறுக்கிய ஆறு இஞ்ச். ஆக, சுமார் பத்து இஞ்ச் தோண்ட வேண்டும்; கிட்டத்தட்ட 670 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் ஏழு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. தோண்டினால் மண் உதிர்ந்து பெருகும், எனவே லாரியில் ஏறுவது எட்டுக்கு மேல். ஆறு இஞ்ச் அடித்தளத்துக்கு இறுக்கிய அளவே நான்கு யூனிட், வாங்க வேண்டியது ஐந்து. இதையே ஒருவர் மூன்று இஞ்ச்சாகக் குறைத்தால் பாதிப் பணம் மிச்சம், மேலே நிற்கிற உங்களுக்கு ஒன்றும் தெரியாது. 75-க்கும் 130-க்கும் இடையிலான மர்மத்தில் பெரும்பகுதி இங்கேதான் புதைந்திருக்கிறது.

தாளில் வரிகள் இந்த வரிசையில் இருக்கட்டும். பழைய தரை உடைப்பு இத்தனை சதுர அடி. தோண்டுவது இத்தனை கன அடி, மண்ணையும் ரப்பிஷையும் வெளியேற்றுவது உட்பட. அடித்தளம் இறுக்கிய பின் ஆறு இஞ்ச், பிளேட் காம்பாக்டர் (இறுக்குகிற மிஷின்) வாடகையோடு. மணல் படுகை. கல்: 60 மி.மீ., எம்35 (எம் என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம்). வீட்டு வாகனம் போன்ற லேசான போக்குவரத்துக்கு பேவர் பிளாக்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 15658 சொன்ன அளவு இது. நடைபாதைக்கு மட்டும் என்றால் 50 மி.மீ., எம்30 போதும். ஓரக்கட்டு இத்தனை ஓட்ட அடி. காம்பவுண்ட் சுவர் இல்லாத பக்கம் இது இல்லாவிட்டால் கல் மெல்ல நகர்ந்து இடைவெளி விழும். சேம்பர், சம்ப் மூடிகளைப் புது மட்டத்துக்கு உயர்த்துவது இத்தனை எண்ணம். கடைசியில் ஜிஎஸ்டி 18% சேர்த்தா, சேர்க்காமலா என்று ஒரு வரி. 80,000 ரூபாய் வேலையில் அது 14,400. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் அதை வசூலிக்கவும் கூடாது.

லேபர் மட்டுமா, மெட்டீரியலோடா?

மெட்டீரியலை நாமே வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசினால் மலிவு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இரண்டு மூன்று சதுரம் வரை அது சரிதான். அதற்கு மேல் போனால் கணக்கு மாறும். 60 மி.மீ. கல் 800 சதுர அடிக்குப் பத்து டன்னுக்கு மேல் எடை. மாம்பலத்திலோ மயிலாப்பூரிலோ ஒரு சந்துக்குள் வீடு என்றால் லாரி முனையிலேயே நிற்கும். இறக்குக்கூலி ஒன்று, அங்கிருந்து வீட்டுக்குச் சுமக்கும் கூலி ஒன்று. அதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோ ஹாரன் அடிக்கும். ஜல்லியை "ஒரு லோடு" என்று சொல்லி வாங்கினால் எவ்வளவு வந்தது என்று தெரியாது. டிப்பரின் நீளம், அகலம், கொட்டியிருக்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுங்கள்: 10, 6, 3 என்றால் 1.8 யூனிட், இரண்டு இல்லை.

பெரிய சிக்கல் பொறுப்பு. தரை இறங்கினால் "நீங்க வாங்கின டஸ்ட் சரியில்லை சார்" என்பார் மேஸ்திரி, கடைக்காரர் கூலியாளைக் கைகாட்டுவார். அதனால் பெரிய வேலை என்றால் மெட்டீரியலோடு ஐட்டம் ரேட், ஆனால் கல்லை யார்டுக்குப் போய் நாமே தேர்ந்தெடுப்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. யார்டில் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும். ஒன்றை உடைத்து உள்ளே பாருங்கள். ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்புக் கல் பார்க்க அழகு, மழையில் வழுக்கும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வேண்டாம்.

கான்கிரீட்டும் டைல்ஸும்

இதே தாள் முறை இவற்றுக்கும் பொருந்தும், கேட்கிற கேள்வி மட்டும் மாறும். நான்கு இஞ்ச் கான்கிரீட் என்றால் "எத்தனை மூட்டை?" என்று கேளுங்கள். 800 சதுர அடிக்கு 1:1½:3 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) ஏறக்குறைய 60 மூட்டை சிமெண்ட், 1:2:4 என்றால் 48-ஐ ஒட்டி. பன்னிரண்டு மூட்டை வித்தியாசம் காய்ந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. பார்க்கிங் டைல்ஸுக்குக் கீழே கான்கிரீட் எத்தனை இஞ்ச் என்பதுதான் விலை. டைல் விலை சும்மா வாசல் கோலம். பேவர் பிளாக்குக்குச் சாதகமான விஷயம், நாளைக்குக் குழாய் உடைந்தால் கல்லைப் பெயர்த்துச் சரிசெய்து மறுபடி அடுக்கிவிடலாம். மற்ற இரண்டிலும் உடைப்பதும் ஒட்டுப்போடுவதும்தான், ஒட்டு ஒட்டாகவே தெரியும்.

பணமும் நேரமும்

கோட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். ஜல்லி, எம்-சாண்ட் விலை நிலையாக இருப்பதில்லை. வேலை புரட்டாசிக்குள் முடிகிற மாதிரி கேட்டால் நல்லது, மழையில் சேறாகிப்போன மண்ணை யாராலும் ஒழுங்காக இறுக்க முடியாது. தொகையை எழுதிய அளவுக்கு அல்ல, முடிந்தபின் சேர்ந்து அளந்த அளவுக்குத் தருவதாகப் பேசுங்கள். அடித்தளம் இறுக்கி முடித்த அன்று, கல் இறங்கும் முன், நாலு இடத்தில் குத்தி ஆறு இஞ்ச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாம் தவணை. மீதியில் ஐந்து சதவீதத்தை ஒரு பெரிய மழை பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் பலர் ஒப்ப மாட்டார்கள்; தண்ணீர் லாரி ஒன்று வரவழைத்துத் தரை முழுக்கத் திறந்துவிட்டு, எங்கும் தேங்கவில்லை என்று பார்த்துக் கணக்கை முடிக்கலாம் என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்பார்கள்.