பிடி பவுடர்: கொல்லைத் தோட்டத்துப் புழுவுக்கு வாங்கலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் உரக்கடைகளில் "பிடி பவுடர்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக Bt, அதுதான் "பிடி") என்ற பாக்டீரியாவின் பொடி இது. கறிவேப்பிலை, புடலை, முட்டைக்கோஸ் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இலையைத் தின்னும் சின்னப் புழுவுக்குத்தான் இது மருந்து. அசுவினியும் மாவுப்பூச்சியும் இதற்கு அசையாது.

பாக்கெட்டில் "குர்ஸ்டகி" என்று இருக்கிறதா பாருங்கள், இலைப்புழுவுக்கான வகை அதுதான். "இஸ்ரேலென்சிஸ்" என்றிருந்தால் அது கொசுப்புழுவுக்கானது. காலாவதித் தேதி மட்டும் போதாது; தகரக் கொட்டகையில் வெயிலில் வெந்த சரக்கு வேண்டவே வேண்டாம்.

லிட்டருக்கு 2 கிராம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீர், அரை மில்லி ஒட்டுதிரவம். காரத்தன்மை கூடிய தண்ணீரில் வீரியம் போய்விடும். கடலோர ஊர்க்காரர்கள் போர் தண்ணீரை விட்டு மழைத்தண்ணீரில் கலக்குவது நல்லது. கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

வெயில் பட்டால் இதன் சக்தி சீக்கிரம் போய்விடும், அதனால் சாயங்காலம் இலையின் அடிப்பக்கமும் நனைய அடியுங்கள். ஒரு வாரத்தில் மறுமுறை. ஐப்பசி மழையில் அடித்தால் மருந்து வாய்க்காலுக்குத்தான்.

மறுநாள் காலையில் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்து, மருந்து போலி என்று பலர் மேலேயே ரசாயனத்தை அடித்துவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். புழு தின்றால்தான் மருந்து குடலில் வேலை செய்யும். சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். இலைமேல் கிடக்கும் எச்சத்தைப் பாருங்கள்: பச்சையாக, ஈரமாக இருந்தால் இன்னும் தின்கிறது, கறுத்துக் காய்ந்த பழைய எச்சம் மட்டும் இருந்தால் மருந்து பிடித்துவிட்டது.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது இளம்புழு, அந்தப் பருவத்திலேயே அடிக்க வேண்டும். பச்சை நிறமாகிப் பெருத்துவிட்டால் கையால் பொறுக்குவதே மேல். புரொடீனியா என்கிற புகையிலை வெட்டுப்புழுவும் அப்படித்தான், பெருத்த பிறகு சரியாகக் கேட்காது.

முருங்கைக் கம்பளிப்பூச்சிக்கு இதை நம்பி ஏமாறாதீர்கள். பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும், ராத்திரி ஏறித்தான் இலையைத் தின்னும். மரப்பட்டையில் அடித்த மருந்து வயிற்றுக்குள் போகவே போகாது. தீப்பந்தம் காட்டி அழிப்பதுதான் ஊர்வழக்கம். கத்தரியில் நுனித்தண்டு வாடினால் புழு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த நுனியைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

தேனீக்குக் கெடுதல் இல்லை. பட்டுப்புழுவைக் கொல்லும், அதனால் பக்கத்தில் மல்பெரி இருந்தால் அடிக்கவே கூடாது. சின்ன பாக்கெட்டாக வாங்கி, வாயைக் கட்டி, ஈரம் படாத நிழலில் வையுங்கள்.