எம்எக்ஸ்-5 காருக்குப் பகல் விளக்கு: மாட்யூலா, ஒட்டும் பட்டையா?

முகப்பு விளக்குகள் மூடிக்குள் பதுங்கும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 தாழ்வான கார் என்பதால், எதிரே வருபவர் கண்ணில் படுவதற்கு எல்இடி பகல் விளக்கு உண்மையிலேயே உதவுகிறது. அதில் இரு வகை: பம்பரில் ஒட்டும் எல்இடி பட்டை, தனி விளக்கு அலகாக வரும் மாட்யூல்.

செலவு, வேலை: பட்டை மலிவானது, பம்பரைத் துடைத்து ஒட்டினால் போதும், மாட்யூலுக்கு விலையும் கூடும், அதைப் பிடித்து நிறுத்தத் தாங்கியும் அமைக்க வேண்டும்.

உழைப்பு: பட்டையின் உறை வெயிலில் மஞ்சளித்து, ஓரம் பெயர்ந்து, உள்ளே நீர்த்துளி கோத்து, எல்இடிகள் ஒவ்வொன்றாக அணைந்துவிடுகின்றன, அலுமினிய முதுகுள்ள மாட்யூல் வெப்பத்தை வெளியே கடத்துவதால் நெடுநாள் நிற்கிறது.

சட்டம்: ஐரோப்பாவின் ஆர்87 என்னும் பகல் விளக்கு விதி, விளக்கின் நேர்முன்னே குறைந்தது 400 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) ஒளி கேட்கிறது, ‘ஆர்எல்’ முத்திரையுள்ள மாட்யூல் அதற்கு உட்பட்டது, மலிவுப் பட்டைகள் பெரும்பாலானவற்றில் அம்முத்திரையே இராது.

கண்காட்சிக்கு மட்டும் எடுக்கும் காருக்குப் பட்டை போதும். நாள்தோறும் ஓட்டுபவர் மாட்யூலையே வாங்கி, முகப்பு விளக்கு எரிந்ததும் தானாக அணையும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து இணைப்பதே என் பரிந்துரை.